ஹும்போல்ட்ஹைன் பீரங்கிக் கோபுரம்: ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் மதிப்பீடு

பீரங்கி பார்க்கும் ஆசையில் பெர்லினின் ஹும்போல்ட்ஹைன் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானங்களைச் சுட ஜெர்மானியர்கள் கட்டிய இந்தக் கோபுரத்தின் உச்சி மேடையில் இன்று பீரங்கி எதுவும் கிடையாது. கான்கிரீட் பார்க்கத் தெரிந்தவர்களுக்கோ டிக்கெட் காசு முதல் பத்து நிமிடத்திலேயே வசூலாகிவிடும். நான் இரண்டாவது ரகம். கோவையில் வீடு கட்டிக் கொடுத்தே தலை நரைத்தவன். பெர்லினில் படிக்கும் அக்கா மகன்தான் டிக்கெட் எடுத்துவைத்திருந்தான்.

முதலில் நடைமுறை விவரம். கெசுண்ட்புருன்னன் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். வழிகாட்டியோடு உள்ளே போய்வரும் சுற்று ஒன்றரை மணி நேரம், ஆங்கிலத்திலும் உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் கோபுரம் வௌவால்களின் உறக்கத்துக்கு. ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதியில்லை. படம் எடுக்கவும் கூடாது. "மாமா, போனைப் பைக்குள் வையுங்கள்" என்று அக்கா மகன் இரண்டு முறை எச்சரித்தான். கோடையிலும் உள்ளே குளிர்கிறது. நல்ல ஷூவும் ஒரு ஸ்வெட்டரும் அவசியம். படிகள் அதிகம் என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துவிட்டுப் போகலாம்.

1940 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லின் மேல் குண்டு போட்டதும் ஹிட்லர் இந்தக் கோபுரங்களைக் கட்டச் சொன்னார். வடிவமைத்தவர் ஃபிரீட்ரிஷ் டாம்ஸ். பெர்லினில் மூன்று ஜோடி, ஹாம்பர்க்கில் இரண்டு, வியன்னாவில் மூன்று. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பீரங்கிக் கோபுரம். சற்றுத் தள்ளி நிற்கும் மற்றொன்று ரேடார் வைத்துக் குறி கணிக்கும் கோபுரம். ஹும்போல்ட்ஹைனில் பீரங்கிக் கோபுரம் பக்கத்துக்கு ஏறக்குறைய 70 மீட்டர். உயரம் 40 மீட்டருக்கு மேல். கூரையின் கனம் மட்டும் மூன்றரை மீட்டர். ஐந்து அங்குல ஸ்லாபுக்கே "கம்பியைக் கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்று பேரம் பேசும் வீட்டுக்காரர்களிடம் காலம் தள்ளிய எனக்கு அந்தக் கூரையைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. இவ்வளவையும் கட்ட ஆன காலம் ஏறக்குறைய அரை வருடம்தான். கட்டாய உழைப்பாளிகளையும் போர்க் கைதிகளையும் வைத்து வேலை வாங்கினால் அந்த வேகம் வரும். அவர்களைப் பற்றி வழிகாட்டி இன்னும் ஒரு மணி நேரம் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

போர் முடிந்து, இந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தபோது கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். தெற்குப் பக்கம் சரிந்தது. வடக்குப் பக்கத்தை ஒட்டி ரயில் பாதை ஓடுவதால் அங்கே முழுதாகக் கை வைக்க முடியவில்லை. மிச்சத்தின் மேல் நகரத்தின் இடிபாடுகளைக் கொட்டி மண் போட்டுக் குன்றாக்கிவிட்டார்கள். சுற்று போவது அந்த மிச்சத்துக்குள்தான். அடித்தளம் வரை தெரியும் பள்ளம், சாய்ந்து தொங்கும் தளங்கள், முறுக்கிக்கொண்டு வெளியே நீட்டும் கம்பிகள். முழுக் கட்டடத்தில் பூச்சுக்குள் மறைந்திருப்பதெல்லாம் இங்கே வெட்டவெளிச்சம். எங்கள் ஊர்ப் பொறியியல் மாணவர்களை ஒரு நாள் இங்கே நிறுத்தினால் ஒரு பருவப் பாடம் முடிந்துவிடும்.

எங்களை அழைத்துப்போன பெண்ணுக்கு முழு மதிப்பெண். கூட்டத்தில் ஒருவர் பீரங்கி ரசிகர், 12.8 சென்டிமீட்டர் இரட்டைக் குழல் பீரங்கியின் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைத் தடுக்கவில்லை; கணக்கைப் போட்டுக் காட்டினார். குண்டு ஒன்றின் எடை ஏறக்குறைய 26 கிலோ. அது உயரத்துக்குப் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அதற்குள் விமானம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ஆகவே விமானத்தைப் பார்த்துச் சுட முடியாது. அது வரப்போகும் இடத்தை ரேடாரும் கணிப்புக் கருவியும் சொல்ல, அங்கே வெடிக்கும்படி குண்டில் நேரம் வைக்க வேண்டும். விமானி சற்றுத் திரும்பினால் கணக்கெல்லாம் வீண். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கின் மேல் பிரிட்டிஷார் அலுமினியப் பட்டைகளைத் தூவியபோது ரேடாரே குருடாகிப்போனது. ஒரு விமானத்தை வீழ்த்த ஆயிரக்கணக்கான குண்டுகள் செலவாயின. அந்தப் பீரங்கிகளில் வேலை பார்த்தவர்களில் பலர் 1943 முதல் வரவழைக்கப்பட்ட பதினைந்து, பதினாறு வயதுப் பள்ளி மாணவர்கள். ரசிகர் அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

கோபுரம் உண்மையில் உருப்படியாக ஒன்று செய்ததென்றால் அது தஞ்சம் கொடுத்ததுதான். ஆயிரக்கணக்கில் மக்கள் நுழைந்து உயிர் பிழைத்தார்கள். அதற்கு உச்சியில் பீரங்கி வேண்டியதில்லை, சுவரே போதும்.

இதற்கு முந்தைய வாரம் ஹாம்பர்க்கின் ஃபெல்ட்ஸ்ட்ராசெ கோபுரத்தையும் பார்த்தோம். அதன் தலையில் ஐந்து மாடி ஏற்றி, ஹோட்டலும் தோட்டமும் அமைத்து 2024-இல் திறந்திருக்கிறார்கள். வெளிப்புறப் பாதையில் உச்சி வரை இலவசமாக ஏறலாம்; காட்சி அருமை. குடும்பத்தோடு மாலைப் பொழுதைக் கழிக்க அது. விஷயம் தெரிந்துகொள்ள ஹும்போல்ட்ஹைன்.

டிக்கெட் கிடைக்காவிட்டாலும் பூங்காப் பாதை வழியே உச்சி மேடைக்குப் போகலாம், கட்டணமில்லை. இறங்கும்போது வடக்குச் சுவரைத் தவறவிட வேண்டாம். மலையேறும் சங்கத்தார் அதில் கயிறு கட்டிப் பயிற்சி செய்கிறார்கள். அந்தக் கான்கிரீட்டில் கொக்கி அடிக்க எந்த டிரில் பிட் போட்டீர்கள் என்று அவர்களிடம் கேட்கச் சொன்னேன். அக்கா மகன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.