ஒரு பருவமழை முழுவதும் அணிந்த மழைக்கோட்டு

சென்னையில் பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கத்துக்கு ரேடியல் சாலை வழியாக நாள்தோறும் பைக்கில் போய்வரும் எனக்கு, அக்டோபர் பிறந்ததும் வருகிற முதல் செலவு மழைக்கோட்டுதான். முன்பு வாங்கிய மூன்று கோட்டுகளில் ஒன்றுகூட இரண்டாவது மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. அதனால் சென்ற ஆண்டு சற்றுக் கூடுதலாகச் செலவிடத் துணிந்து, ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் 1,850 ரூபாய் கொடுத்து, மேற்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ள ஒரு செட்டை வாங்கினேன். பருவமழை முடிந்த பிறகே இதை எழுதுகிறேன்; பிரித்த அன்றே எழுதியிருந்தால் வெறும் பாராட்டாகப் போயிருக்கும்.

சாலையோரம் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் பி.வி.சி. கோட்டுகளோடு ஒப்பிட்டால் துணியில் குறை சொல்ல ஏதுமில்லை. உட்புறம் பாலியூரிதேன் (பி.யூ.) பூச்சு கொண்ட பாலியெஸ்டர் என்பதால் எடை குறைவு, மடிப்புகளில் விரிசலும் விழவில்லை. நீரைத் தாங்கும் திறன் 5,000 மி.மீ. என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள்; அதாவது அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் மேலே நின்று அழுத்தினாலும் துணி கசியாது என்று பொருள். ஆனால் மழைக்கோட்டில் துணி ஒழுகுவது அரிது, தையல்தான் ஒழுகும். வாங்கிவந்த அன்றே குளியலறையில் ஒரு கையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, மணிக்கட்டுப் பக்கத்தைக் கயிற்றால் இறுகக் கட்டி, முழங்கை வரை தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். கால் மணி நேரம் ஆகியும் தரையில் ஒரு சொட்டு விழவில்லை. தையலின் மேல் ஒட்டியிருந்த பட்டை நகத்தால் நெம்பினாலும் பிரியாத அளவுக்கு உறுதியாக இருந்தது. கடையிலேயே இந்தப் பட்டையைத் தடவிப் பார்த்து வாங்குவது நல்லது.

கால்சட்டையைப் பற்றி இதையே சொல்ல முடியாது. பைக்கில் உட்கார்ந்திருக்கும்போது மேற்சட்டையின் விளிம்பு மடிந்து, மடியில் ஒரு சிறு குளம்போல் தண்ணீர் தேங்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் அது முன்னால் நகர்ந்து, இடுக்கில் உள்ள தையலைத்தான் தேடிப் போகும். நவம்பர் நடுவில் அந்த இடத்தில் பட்டை விட்டுப்போய்விட்டது. அலுவலக நாற்காலியில் அந்த ஈரத்தோடு உட்காருவது எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு கால்சட்டை மாற்றிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நனையாமல் காப்பது மட்டுமே கோட்டின் வேலை என்று முன்பு நானும் நினைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு தலையைத் திருப்ப முடிகிறதா, காலை உறுதியாக ஊன்ற முடிகிறதா, பின்னால் வருபவருக்கு நாம் தெரிகிறோமா என்பவைதான் இப்போது எனக்கு முதன்மையான கேள்விகள். இவற்றில் முதலாவதில் இந்தக் கோட்டு தேறுகிறது. தலைமறைப்பைப் பொத்தான்களைக் கழற்றி முழுவதுமாக எடுத்துவிடலாம். அதை ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டால், தலை திரும்பும்போது துணி திரும்பாமல் அப்படியே நின்று பக்கத்துப் பார்வையை மறைக்கும். ஹெல்மெட்டுக்கு மேலே போட்டாலோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடக்கும் திறந்த வெளியில் காற்று புகுந்து, உப்பி, கழுத்தைப் பின்னால் இழுக்கும். கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, காலரை ஏற்றி வெல்க்ரோவை ஒட்டிக்கொள்வதே சரி.

இரண்டாவதில் இது தோற்றுப்போகிறது. செட்டோடு இலவசமாக வந்த ஷூ உறைகளின் அடிப்பாகம் வழவழப்பான பிளாஸ்டிக். பெட்ரோல் பங்கில், எண்ணெயும் மழைநீரும் கலந்து கிடந்த சிமெண்டுத் தரையில் இடது காலை ஊன்றியதும் அது வழுக்கிக்கொண்டு போக, வண்டி என் தொடைமேல் சாய்ந்தது. ஓடிவந்து தாங்கிப் பிடித்த பையன், “அண்ணே, அந்தக் கவரைக் கழட்டிப் போடுங்க” என்றான். அன்றே கழற்றிவிட்டேன். இப்போது வார் வைத்த ரப்பர் செருப்போடுதான் ஓட்டுகிறேன், ஷூ பையினுள் பயணம் செய்கிறது. விரல்களுக்குப் பாதுகாப்பில்லை என்பது தெரிந்தே செய்யும் சமரசம் இது.

மூன்றாவதில் பாதிக் குற்றம் என்னுடையது. கடையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை கறுப்பும் கருநீலமும்தான்; அழுக்குத் தெரியாது என்று நானும் கறுப்பையே எடுத்தேன். 2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் வண்டிகளில் எஞ்சினை இயக்கியதுமே முன்விளக்கு எரிவதால் எதிரே வருபவர் நம்மைப் பார்த்துவிடுவார், ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஒரு சிறு சிவப்பு விளக்கும் ஒரு கறுப்பு முதுகும்தான் தெரியும். கோட்டின் முதுகில் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை இருக்கிறது. மனைவி பத்தடி தள்ளி நின்று ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தபோது அது பளிச்சென்று மின்னியது. மடிக்கணினிப் பையை மாட்டிக்கொண்டு மறுபடி எடுத்ததில் ஒன்றுமே தெரியவில்லை, பட்டை முழுவதையும் அந்தப் பை மறைத்திருந்தது. பையின் மேல் போட எலுமிச்சை நிற மழையுறை ஒன்றைத் தனியே 250 ரூபாய்க்கு வாங்க வேண்டியதாயிற்று. வாங்குபவர்கள் கறுப்பைத் தவிர்த்து, கைகளிலும் பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்கவும்.

எதிர்பாராத ஒரு விளைவையும் குறிப்பிட வேண்டும். உடம்பு நனையாதபோது சாலை நனைந்திருப்பது மறந்துபோகிறது. பழைய கோட்டோடு 35-ல் நடுங்கிக்கொண்டு போன நான், இதைப் போட்ட முதல் வாரத்தில் 60-ஐத் தொட்டேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ்., 2019-ல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் கட்டாயமானது; என்னுடையது சரியாக 125 என்பதால் அது இல்லை, பின்சக்கரத்தில் டிரம் பிரேக். தேங்கிய தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்தாவிட்டால் அது சரியாகப் பிடிக்காது. இருசக்கர வண்டியின் டயரில் 0.8 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும் என்கிறது சட்டம், ஆனால் என் பின்டயர் அந்த அளவுக்குத் தேயும் முன்பே வெள்ளைக் கோடுகளின் மேல் நெளியத் தொடங்கிவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் அதை மாற்றினேன்.

அளவு எடுக்கும்போது வழக்கமானதைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள், உட்காரும்போது கால்சட்டை நான்கு விரல் மேலேறும். ஈரத்தோடு மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும் என்பதால், எங்கள் வீட்டுப் பால்கனிக் கொடியில் மூன்று மாதமும் துணிகளுக்கு நடுவே இதற்கென்று ஓர் இடம் இருந்தது. மேற்சட்டைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண், கால்சட்டைக்கு இரண்டரை. அந்த ஷூ உறைகள் இப்போது மாடியில் இரண்டு ரோஜாத் தொட்டிகளை மூடிக்கொண்டிருக்கின்றன.