கோளாறு அப்பாவின் காதில் இல்லை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ வேறு எந்தத் தெருவோ, ஹெட்போன் வாங்கக் கிளம்புகிறவர்கள் ஐந்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுப் போங்கள். டூப்ளிகேட் சரக்கில் ஏமாந்த கதை இல்லை. எனக்கு விற்றது அசல்தான். பெட்டி, சீல், சீரியல் நம்பர் எல்லாம் சரி. அப்படியும் 14,500 ரூபாய் கொடுத்து, எங்கள் அப்பாவைத் தனக்குக் காது போய்விட்டது என்று மூன்று வாரம் நம்ப வைத்தேன்.

அப்பா பெரம்பூரில் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில் 31 வருஷம் வேலை பார்த்தவர். ஷெல் பிரிவு, நாள் முழுக்க இரும்புத் தகட்டுச் சத்தம். இப்போது சாயங்காலமானால் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து போனில் யூடியூப் போட்டு நாகஸ்வரம் கேட்பார். போனோடு வந்த இயர்போனில் ஒரு பக்கம் செத்துவிட்டது. எழுபது முடிகிறதே, நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுப்போம் என்று போனேன்.

கடையில் நான் சொன்னது இதுதான்: "அப்பாவுக்கு. போன்ல யூடியூப் கேப்பாரு. நல்லதா குடுங்க." விற்கிறவருக்குத் தேவையான விவரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது. கவுண்டரில் இருந்த பையன் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, "பட்ஜெட் எவ்ளோண்ணா?" பதினைந்து என்றேன். மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான். "ஸ்டுடியோவுல இதைத்தாண்ணா போடுறாங்க."

போட்டுக் காட்டினான். சும்மா சொல்லக் கூடாது, அபாரம். மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி, நீல விளக்கு, பெரிய திருகு. ஹெட்போன் ஒயர் அதில்தான் போனது. நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். டிரம்ஸ் நெஞ்சில் வந்து அடித்தது. ஒரே ஹெட்போனில் சத்தத்தைச் சற்றுக் கூட்டினாலே தரமும் கூடிய மாதிரி காது ஏமாறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பெட்டி என்னவென்றும் கேட்கவில்லை. எலக்ட்ரிகல் கடையில் பல்பைப் போட்டுக் காட்ட ஒரு ஹோல்டர் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மாட்டிப் பார்த்துவிட்டு "நல்லாருக்குடா" என்றார். பழைய லேண்ட்லைன் போன் மாதிரி சுருள் ஒயர், மூன்று மீட்டர். மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு தினமும் உட்கார்ந்தார்.

மூன்று வாரம் கழித்து, துவைக்கப் போட்ட அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று. ஆடியோகிராம், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்த ரிப்போர்ட். யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"இல்லடா, இவ்ளோ காசு போட்டு வாங்கியாந்திருக்க. ஃபுல்லா வச்சாலும் எனக்கு எங்கியோ கேக்குற மாதிரிதான் இருக்கு. இரும்புச் சத்தத்துல இருந்த காதுதானே, போயிடுச்சுன்னு நெனச்சேன்."

டாக்டர் வயசுக்குத் தகுந்த காதுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அவர் போனில் செருகிக் கேட்டேன், முழு வால்யூமில். கதவைச் சாத்திய கல்யாண மண்டபத்துக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கே நான் ஒரு தடவை மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 250 ஓம் என்று போட்டிருந்தது. மின்தடை அளவு அது. போனுக்காகச் செய்கிற ஹெட்போன்கள் பெரும்பாலும் 16, 32 ஓம்தான் இருக்கும். போன் தருகிற மின்னழுத்தம் சொற்பம். அதே வால்யூமில் 32 ஓம் ஹெட்போனுக்குப் போகிற திறனில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் 250 ஓமுக்குப் போகும். ஓம் மட்டுமே கணக்கில்லை, போகிற திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற சென்சிடிவிட்டி என்று இன்னொன்றும் உண்டு. ஆனால் போனில் நேராக மாட்டுகிறவருக்கு 250 என்ற எண்ணே போதுமான எச்சரிக்கை. ஸ்டுடியோவில் இதைப் போடுவது உண்மைதான். அங்கே அதை இழுக்க ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. பெட்டிக்குள் திருகாணி போட்ட பெரிய பின் ஒன்று தனியாக இருந்தது. அந்தத் தடிமன் பின் எந்தப் போனில் நுழையும்? அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம்.

திரும்பப் போனேன். அதே பையன்.

"பீஸ்ல ஃபால்ட் இல்லையேண்ணா. உங்க போன் இழுக்கல. ஒரு ஆம்ப் போட்டுக்குங்க, 6,800தான்."

அவன் கை காட்டிய இடத்தில் அதே கறுப்புப் பெட்டி, அதே நீல விளக்கு. ஆக, அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

"இதை அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணா."

எனக்குக் கொதித்தது. உள்ளே இருந்த ஓனர் எழுந்து வந்தார். "சார், வர்றவங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்துட்டிருந்தா நாங்க எப்ப வியாபாரம் பாக்குறது?"

அவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு முதலில் நுழைந்த வேறொரு கடையில் ஒருவர் அரை மணி நேரம் சவுண்ட்ஸ்டேஜ், மிட்ஸ், ட்ரெபிள் என்று பாடம் நடத்தினார். தப்பித்தால் போதும் என்று ஓடிவந்தேன். பால்கனியில் நாகஸ்வரம் கேட்கிற மனுஷருக்கு அந்தப் பாடம் எதற்கு? செருப்புக் கடைக்காரர் தோல் பதனிடுவதைப் பற்றியா சொல்லிக்கொடுக்கிறார்? ஆனால் சைஸ் என்ன என்று கேட்காமல் ஒரு ஜோடியைக் கையில் திணிக்க மாட்டார். "எதுல மாட்டிக் கேப்பீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். நான் அதற்குப் பதிலையே சொல்லிவிட்டுத்தான் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

ஒயர் இல்லாததிலும் இதே கூத்து உண்டு. ஐபோன் வைத்திருக்கும் என் நண்பனுக்கு, ப்ளூடூத்தில் பாட்டைக் கூடுதல் தரத்தில் அனுப்புகிற எல்டேக் என்ற முறை இதில் இருக்கிறது என்று சொல்லியே விலை கூடின ஹெட்போனைத் தலையில் கட்டினார்கள். ஐபோன் ப்ளூடூத்தில் எல்டேக் அனுப்பாது, ஏஏசி, எஸ்பிசி என்ற வேறு முறைகள்தான். அவன் இன்று வரை எல்டேக்கில் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் சொல்லவில்லை.

பணம் திரும்பவில்லை. காரணம் என் கையில் இருந்த சீட்டு: "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுக் காகிதம், ஜிஎஸ்டி எண் கிடையாது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று ஒரு முத்திரை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. முத்திரை குத்தினால் அது மாறிவிடாது. ஆனால் என் பொருள் பழுதில்லையே. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து வைத்திருக்கிறேன், பெரிய நம்பிக்கை இல்லை. எப்படியானாலும் ஜிஎஸ்டி பில் இல்லாமல் வெளியே வராதீர்கள், வாரண்டிக்கு நாளைக்கு அதைத்தான் கேட்பார்கள். உங்கள் போனையே கொண்டுபோய், நீங்கள் கேட்கிற பாட்டையே போட்டு, நடுவில் எந்தப் பெட்டியும் இல்லாமல் நேராகச் செருகிக் கேளுங்கள். "டெமோ பீஸ் இதுல மட்டும்தான் சார் ஓடும்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அப்பாவுக்கு 1,300 ரூபாயில் 32 ஓம் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். பாதி வால்யூமிலேயே "குறைடா, காதைக் கிழிக்குது" என்றார். பழையதை விற்கப் போட்டேன். 9,000 என்று பேசி, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரிப் பையன் வந்தான். பணத்தை ஜிபே பண்ணப் போனவனை அப்பா கையமர்த்தினார்.

"தம்பி, எதுல மாட்டிக் கேப்ப?"

வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருக்கிறது, மிக்ஸிங் பழகுகிறேன் என்றான். அது ஹெட்போனை இழுக்க ஆம்ப் உள்ள பெட்டிதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அப்பா பெட்டியை அவன் கையில் கொடுத்தார்.