சுவரில் பொருத்தும் ஸ்கிம்மரா, தொங்கவிடும் ஸ்கிம்மரா?

இலை, மகரந்தம், செத்த பூச்சி, உடம்பில் பூசிய சன்ஸ்கிரீன் எண்ணெய், இதெல்லாம் முதலில் மிதப்பது நீச்சல் குளத்துத் தண்ணீரின் மேல்மட்டத்தில்தான். அடியில் போய்ப் படிவதற்குள் அதை இழுத்துக்கொள்வதுதான் ஸ்கிம்மரின் வேலை. அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் தரைமேல் வினைல் குளம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது, நான் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

தொங்கும் வகையைப் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். கொக்கியைச் சுவர் விளிம்பில் மாட்டி, ஹோஸை பம்புக்குத் தண்ணீர் போகும் துளையில் செருகினால் முடிந்தது, குளத்தின் உள்பக்கம் விரித்திருக்கும் வினைல் உறையான லைனரில் கத்தி படவே வேண்டாம். ஆனால் பம்புக்கு வலு வேண்டும், இன்டெக்ஸ் கம்பெனியின் தொங்கும் ஸ்கிம்மருக்கு மணிக்கு 800 கேலனாவது ஓடுகிற பம்ப் கேட்கிறார்கள். பிள்ளைகள் குதித்து அலை எழும்பினால் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். குப்பை சேரும் கூடையும் சிறியது, மேப்பிள் மரத்தடியில் குளம் இருந்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

சுவரில் பொருத்துவது வேறு கதை. இரும்புச் சுவர்க் குளங்களில் பெரும்பாலும் இதற்கான துளை தயாராகவே இருக்கும், ஆபத்தெல்லாம் லைனரை வெட்டும் நேரத்தில்தான். முதலில் வெட்டிவிட்டுப் பொருத்தலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். துளைக்குச் சில அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பினால் லைனர் இழுபட்டுத் தன் இடத்தில் உட்காரும். அப்புறம் விரலால் தடவி ஸ்க்ரூ துளைகளைக் கண்டுபிடித்து, ஊசியால் குத்தி, கசிவைத் தடுக்கும் பட்டையான கேஸ்கெட்டோடு முகப்புத் தகட்டை வைத்து, மேலே நடுவில் ஒன்று, கீழே நடுவில் ஒன்று என்று எதிரெதிராகக் கையாலேயே முடுக்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவும் இறுகிய பிறகுதான் தகட்டின் உள்விளிம்பை ஒட்டிக் கத்தி. எங்களுக்கு முதலில் பொருத்திக் கொடுத்தவர் அவசரத்தில் ட்ரில்லால் முடுக்கியதில் தகட்டின் மூலையில் மயிரிழை விரிசல் விழுந்தது. பார்த்தால் தெரியாது, கீழே இரும்பில் பழுப்புக் கோடு இறங்கிய பிறகுதான் கசிவு புரிந்தது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது, ஏனென்றால் கசிவு சொட்டுச் சொட்டாக இருந்தாலும் அது அரிப்பது சுவரை, 24 அடி வட்டக் குளத்தில் அந்தச் சுவர் தாங்குவதோ ஏறக்குறைய 13,500 கேலன், அதாவது 50 டன்னுக்கு மேல்.

ஆனாலும் இரும்புச் சுவர் என்றால் நான் சுவரில் பொருத்துவதைத்தான் சொல்வேன். ஸ்கிம்மரின் வாயில் ஆடுகிற அந்தச் சின்னத் தட்டு அலைக்கேற்ப ஏறி இறங்கி, மேல்தண்ணீரை மட்டும் மெல்லிய படலமாக உள்ளே விடுவதை ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தொங்கும் வகை அவ்வளவு நிதானமாக இழுப்பதில்லை. காற்று வழக்கமாக எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கச் சுவரில் வாய் இருந்தால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் தண்ணீரை வாய்க்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பனிக்கட்டி ஸ்கிம்மரை உடைத்துவிடும்.

துணிபோல் மடிகிற பிவிசி சுவர்க் குளம் என்றால் தொங்கும் வகையே போதும். இழுவிசை முழுவதையும் அந்தத் துணியே தாங்குகிறது, அதில் போய் ஓட்டை போட எனக்கு மனசு வராது.

சரி, சுவரில் பொருத்தியவர்கள் புது லைனர் போடும்போது கேஸ்கெட்டையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழையதில் பழைய அழுத்தத்தின் தடம் பதிந்திருக்கும், மறுபடி சரியாக உட்காராது.