ரீப்பரா, ஆர்டோரா? வீட்டு ஸ்டுடியோவுக்கு உரிமமும் கோளாறும் சேர்த்து ஓர் அலசல்

ஒரு மைக், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு லேப்டாப் என்று வீட்டிலேயே பாட்டோ பாட்காஸ்டோ பதிவு செய்கிறவர்களில் பலர், குறைந்த செலவில் தேடித் தேடி வந்து சேரும் இரண்டு மென்பொருள்கள் ரீப்பரும் ஆர்டோரும். இரண்டுமே பெரிய கம்பெனிச் சரக்கு அல்ல. ரீப்பர், கணினியில் பாட்டுக் கேட்க உதவும் வினாம்ப் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தின் படைப்பு. ஆர்டோரைத் தொடங்கியவர் பால் டேவிஸ். லினக்ஸில் ஒலி வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த, மென்பொருள்களுக்கிடையே ஒலியைக் கடத்தும் 'ஜாக்' சர்வரையும் அவர்தான் எழுதினார்.

ஒலித் தரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தேடுவது வீண்வேலை. காசு எப்படிக் கேட்கிறது, மக்கர் பண்ணினால் எப்படி மீள்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதையும் பாதி தீர்மானித்துவிடுகிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

ரீப்பரின் உரிமம்

60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். கணக்குத் திறக்கச் சொல்லாது, கார்டு எண் கேட்காது. 61-ஆம் நாளும் திறக்கும். ஆரம்பத்தில் ஒரு நினைவூட்டல் சாளரம் சில நொடி நின்று வழிவிடும், அவ்வளவுதான். சேமிப்பது, ஏற்றுமதி செய்வது எதையும் முடக்காது. ஆனால் முடக்கவில்லை என்பதால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. 60 நாளுக்குப் பின் வாங்கியாக வேண்டும் என்பதே விதி. இதற்கும் கிராக் தேடி வைரஸை வீட்டுக்கு அழைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டே இல்லாத கதவுக்குக் கள்ளச்சாவி!

விலை இரண்டு: 60 டாலர், 225 டாலர். மென்பொருள் ஒன்றேதான், வசதியில் எந்த வித்தியாசமும் இல்லை. சொந்த உபயோகத்துக்கும், கல்வி மற்றும் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் 60. தொழிலாகச் செய்தாலும் ஆண்டு மொத்த வரவு 20,000 டாலரைத் தாண்டாவிட்டால் அதே 60தான். இது லாபக் கணக்கு அல்ல, மொத்த வரவு. ரூபாயில் 17 லட்சத்துக்கு மேல் என்று வையுங்கள். கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்த்துக் கொடுக்கும் சிறிய கடை பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் முதலில் வங்கிச் செயலியைத் திறந்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனை 'ஆன்' ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி இந்தியக் கார்டுகளில் அது அணைந்தே வரும்.

உரிமம் இரண்டு பெரிய பதிப்புகளுக்குச் செல்லும். 7-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதில் வாங்கினால் 8.99 வரை பயமில்லை. "காசு கட்டித்தான் வாங்கினேன், அப்டேட் போட்டதும் மறுபடி மதிப்பீட்டு நகல் என்கிறது" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 5-இல் வாங்கிய உரிமம் 6.99-ஓடு முடிந்துவிடும், 7-ஐ நிறுவினால் அது கண்ணுக்குத் தெரியாது. வழி இரண்டு: புதிதாக வாங்கலாம், அல்லது 6.99-க்கு உட்பட்ட பழைய நிறுவியை (இன்ஸ்டாலர்) போட்டுக்கொள்ளலாம். பழைய பதிப்புகளை ரீப்பர் தளத்திலிருந்தே எடுக்க முடியும்.

இதே புலம்பலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உரிமம் என்பது ஆர்கே என்று முடியும் ஒரு சிறிய கோப்பு. அது ரீப்பரின் அமைப்புக் கோப்புறைக்குள் இருக்கும். 'ஆப்ஷன்ஸ்' பட்டியில் 'ஷோ ரீப்பர் ரிசோர்ஸ் பாத்' அழுத்தினால் அந்தக் கோப்புறை திறக்கும். பென்டிரைவில் போர்ட்டபிளாக இன்னொரு நகல் நிறுவினால் அதற்குத் தனிக் கோப்புறை, அங்கே உரிமக் கோப்பு இருக்காது. கோப்பை நகலெடுத்துப் போட்டால் தீர்ந்தது. ஒரே உரிமத்தை எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம். ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஓட்ட வேண்டும்.

ஆர்டோரின் உரிமம்

இங்கே கதை வேறு. மூல நிரல், யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கிறது. யாரும் எடுத்து, ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுத்துக்கொள்ளலாம் (கம்பைல்). காசு கேட்பது, தொகுத்துத் தயாராக வைத்த நிறுவிக்கு மட்டும். ஒரு டாலர் கொடுத்தாலும் கிடைக்கும்: அந்தப் பெரிய பதிப்பும் அதன் சிறு மேம்பாடுகளும் உங்களுடையவை. 45 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால் அடுத்த பெரிய பதிப்பும் சேரும். மாதச் சந்தாவும் உண்டு; சந்தாவை நிறுத்தினால் புதிய நிறுவியை இறக்க முடியாதே தவிர, ஏற்கெனவே இறக்கியது ஓடிக்கொண்டே இருக்கும்.

காசே கொடுக்காமல் தளத்திலிருந்து இறக்கும் இலவச நகல் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவ்வப்போது ஊமையாகிவிடும். இதை உரிமக் கட்டுப்பாடு என்று தெரியாமல் கேபிளை மாற்றி, டிரைவரை மாற்றி அலைகிறவர்கள் உண்டு. சரியாகப் பத்து நிமிடத்தில் சத்தம் நின்றால் குற்றவாளி கேபிள் அல்ல.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கு அவர்களுடைய மென்பொருள் களஞ்சியத்திலேயே ஆர்டோர் இலவசமாகக் கிடைக்கிறது, அது ஊமையாகாது. ஆனால் அந்த நகலில் வரும் பிழைகளுக்கு ஆர்டோர்க்காரர்கள் பொறுப்பேற்பதில்லை, ஏனெனில் அதில் சேரும் துணை நிரல்கள் (லைப்ரரி) அவர்கள் சோதித்தவை அல்ல. "எங்கள் தளத்து நகலில் அதே பிழை வருகிறதா?" என்பதுதான் முதல் பதிலாக இருக்கும். சும்மா கிடைத்ததன் விலை அங்கே தெரியும். நீங்களே தொகுப்பதென்றால் லினக்ஸில் ஒரு மாலைப் பொழுது போதும். விண்டோஸிலும் மேக்கிலும் அந்த ஆசையை விட்டுவிடுங்கள், ஒரு டாலர் அதைவிட மலிவு.

ஜிபிஎல் மென்பொருளில் செய்த பாட்டையும் இலவசமாக வெளியிட வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். வேண்டாம். அந்த உரிமம் நிரலைக் கட்டுப்படுத்துவது. உங்கள் பாட்டு உங்களுடையது. நிரலை மறுபகிர்வு செய்யலாம் என்பதால் கல்லூரி ஆய்வகத்தில் இருபது கணினிக்கு ஒரே நிறுவியைப் போடலாம். ஒரே நேரத்தில் இருபதிலும் ரீப்பர் ஓட வேண்டுமென்றால் இருபது உரிமம், அதாவது 1,200 டாலர். இந்த ஓர் இடத்தில் ஆர்டோர் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிறது.

பிளகின் கவிழ்த்தால்

வீட்டு ஸ்டுடியோவில் மென்பொருள் கவிழ்வதில் பெரும்பங்கு, எஃபெக்ட்டோ கருவி ஒலியோ சேர்க்க உள்ளே செருகும் பிளகின் என்ற குட்டி மென்பொருளால் வருவது. ரீப்பருக்கும் ஆர்டோருக்கும் உள்ள மிகப் பெரிய நடைமுறை வித்தியாசமும் இங்கேதான்.

ரீப்பரில், எஃபெக்ட்ஸ் பட்டியலில் சந்தேகத்துக்குரிய பிளகினை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ்' என்பதில் 'டெடிகேட்டட் ப்ராசஸ்' தேர்ந்தால் அது தனிப் பெட்டிக்குள் ஓடும். செத்தால் அது மட்டும் சாகும், ப்ராஜெக்ட் பிழைக்கும். பழைய 32 பிட் பிளகின்களையும் இப்படித்தான் 64 பிட் ரீப்பர் ஓட்டுகிறது. எல்லாவற்றையும் இப்படி ஓட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நினைவகமும் செயலி நேரமும் கூடுதலாகப் போகும். ப்ராஜெக்ட் திறக்கும்போதே கவிழ்ந்தால், 'ஓப்பன்' சாளரத்தின் கீழே 'எஃபெக்ட்ஸ் ஆஃப்லைன்' என்று மீட்புக்கான ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து திறந்து, பிளகின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆர்டோர் பிளகின்களைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஓட்டுகிறது. தனிப் பெட்டி கிடையாது. கணினியில் என்னென்ன பிளகின் இருக்கிறது என்று தேடிச் சோதிக்கும் ஸ்கேனை மட்டும் தனி நிரல் செய்கிறது. எனவே ஸ்கேனில் தோற்ற பிளகின் ஆர்டோரைக் கவிழ்க்காது, 'பிளகின் மேனேஜர்' சாளரத்தில் காரணத்தோடு குறிப்பு இருக்கும். ஸ்கேனில் நல்ல பிள்ளையாக நடித்துவிட்டு மிக்ஸிங்கின் நடுவில் விழுந்தால் எல்லாம் போகும். அப்போது, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலிருந்து 'டிஸேபிள் பிளகின்ஸ்' என்ற தொடக்கத் தேர்வோடு ஓட்டி செஷனை (ஆர்டோரில் ப்ராஜெக்டின் பெயர்) திறக்கலாம். வழி இருக்கிறது, ஆனால் டெர்மினலைத் தொடாதவருக்கு அது சிரமம். விண்டோஸில் ஊர்பேர் தெரியாத இலவசப் பிளகின்களை வாரிக் குவித்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், ரீப்பர்தான்.

சுருதி ஏறிப்போவது

ஒரு கட்டையில் பாடிய பாட்டு ஒன்றேமுக்கால் கட்டையில் கேட்கிறது, தாளமும் கொஞ்சம் ஓடுகிறது. பாடகர் மேல் குற்றமில்லை. ஒரு நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற 'சாம்பிள் ரேட்' மாறியிருக்கிறது: 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானது 48-இல் ஓடுகிறது. 48-ஐ 44.1-ஆல் வகுத்தால் 1.088, வேகம் சுமார் 8.8 சதவீதம் கூடி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். தலைகீழாக நடந்தால் அதே அளவு இறங்கும்.

ஆர்டோரில் ஒரு செஷனுக்கு ஒரே சாம்பிள் ரேட். வேறு ரேட்டில் இன்டர்ஃபேஸ் ஓடினால் திறக்கும்போதே எச்சரிக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் தள்ளிவிட்டால் மேலே சொன்னது நடக்கலாம். ரீப்பர் வேறு ரேட் கோப்பைத் தானே மாற்றி இயக்கிவிடும், அதனால் பிரச்சினை குறைவு. ஆனால் யூடியூப் வீடியோவுக்கு 48, பாட்டுக்கு 44.1 என்று மாறி மாறிச் செய்கிறவர்கள் 'ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்' சாளரத்தில் ரேட்டைப் பூட்டி வைப்பது நல்லது. பூட்டாவிட்டால் அன்றைக்கு இன்டர்ஃபேஸ் எதில் ஓடுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

கரகரப்பும் தாமதமும்

கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாள்கிறது என்பதுதான் பஃபர். கணக்கு இரண்டு மென்பொருளுக்கும் ஒன்றே. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் 2.7 மில்லிசெகண்டு, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. இது ஒரு வழிக்கு மட்டும். உள்ளே வந்து வெளியே போக இரட்டிப்பு, அதற்கு மேல் இன்டர்ஃபேஸின் தாமதம். பாடும்போது 128 அல்லது 256, மிக்ஸ் செய்யும்போது 1024. கரகரத்தால் பஃபரை ஏற்றுங்கள், ஹெட்ஃபோனில் குரல் பின்தங்கினால் இறக்குங்கள்.

லினக்ஸில் ஆர்டோர் முதல்முறை திறக்கும்போது பூட்டக்கூடிய நினைவக வரம்பு (தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும் நினைவகம், 'மெம்லாக்') பற்றி எச்சரிக்கும். 'ஆடியோ' குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்து, அந்தக் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமை 95, மெம்லாக் வரம்பற்றது என்று லினக்ஸின் வரம்புகளைக் குறிக்கும் அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதி, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். வெளியேறாமல் சோதித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்கிறவர்கள் அதிகம்.

ஆர்டோர் எந்த வழியாக ஒலிக் கருவியோடு பேசுகிறது என்ற பின்தளத்தைத் தேர்வதிலும் பொறி இருக்கிறது. 'பல்ஸ்ஆடியோ' தேர்ந்தால் கேட்க மட்டும் முடியும், மைக் வராது. நேரடி 'ஆல்சா' தேர்ந்தால் ஆர்டோர் இன்டர்ஃபேஸைத் தனக்கே எடுத்துக்கொள்ளும், பிரௌசரில் சத்தம் போய்விடும். மைக்கும் பிரௌசர் சத்தமும் இரண்டும் வேண்டுமென்றால், லினக்ஸின் புதிய ஒலிச் சேவையான பைப்வயர் வழியே 'ஜாக்' தேருங்கள்.

கோப்பு எங்கே போனது?

ஆர்டோர் எல்லாவற்றையும் செஷன் கோப்புறைக்குள் சேர்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து இழுத்துப் போடும் ஒலியையும் இயல்பாக நகலெடுத்துவிடும். முழுக் கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். ரீப்பர், கோப்பு எங்கே கிடக்கிறதோ அங்கேயே சுட்டிக்காட்டும். பென்டிரைவிலிருந்து ஒரு தபேலா லூப்பைப் போட்டுவிட்டு டிரைவைக் கழற்றினால், மறுநாள் அந்த இடம் வெறுமை. 'சேவ் ஆஸ்' சாளரத்தில் மீடியாவைப் ப்ராஜெக்ட் கோப்புறைக்கு நகலெடுக்கும் கட்டத்தை எப்போதும் டிக் செய்யுங்கள். புதுப் ப்ராஜெக்ட் தொடங்கும்போதே சேமிக்கச் சொல்லும்படி ப்ரிஃபரன்ஸில் ஒரு தேர்வு உண்டு. நிறுவிய அன்றே அதைப் போட்டுவிட வேண்டும்.

அமைப்புகள் குழம்பிப்போனால் விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ரீப்பருக்கே 'ரீசெட் கான்ஃபிகரேஷன்' என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதை அழுத்தும் முன் ரிசோர்ஸ் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வையுங்கள். உரிமக் கோப்பும் நீங்கள் ஆசையாகச் சேர்த்த ஷார்ட்கட்களும் அங்கேதான் இருக்கின்றன.

ஆடாசிட்டி?

பேச்சை வெட்டி ஒட்ட மட்டும் என்றால் ஆடாசிட்டி என்ற எளிய ஒலித் தொகுப்பு மென்பொருளே போதும். ஜிபிஎல், முற்றிலும் இலவசம். 2021-இலிருந்து மியூஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது. 3.0-இலிருந்து ப்ராஜெக்ட் முழுவதும் ஒரே கோப்பு, உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம். பதிவின்போது கரண்ட் போனால் பக்கத்தில் 'வால்' என்று முடியும் இன்னொரு கோப்பு மிஞ்சியிருக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள், கடைசியில் பதிவானது அதற்குள் இருக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துத் திறக்க வேண்டும்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

ரீப்பர், ஆர்டோர் இரண்டின் ப்ராஜெக்ட் கோப்புகளும் வெறும் எழுத்தாக (டெக்ஸ்ட்) உள்ளவை, நோட்பேடில் திறந்தே பார்க்கலாம். ஆனால் ஒன்றை மற்றது நேராகப் படிக்காது. மாற வேண்டுமென்றால் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும் 24 பிட் வேவ் கோப்பாக, எஃபெக்ட் இல்லாமல் ஏற்றுமதி செய்யுங்கள். டெம்போவையும் சாம்பிள் ரேட்டையும் கோப்புறைப் பெயரிலேயே எழுதுங்கள்: 'பல்லவி 92 48' என்பதுபோல. ரீப்பர் உரிமம் செல்லும் பதிப்பு வரம்பு முடிந்து வெளியேறுகிறவருக்கும், ஆர்டோர் இலவச நகல் ஊமையாவதைப் பொறுக்காதவருக்கும் வழி இதுவே.