ஃபாஸ்ட்ஏபிஐ: ஏபிஐ எழுதுவோர் பார்வையில்

பைத்தான் நிரல்மொழியில் ஏபிஐ (செயலிகள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறும் இடைமுகம்) எழுதுவதற்காகச் செபாஸ்டியன் ராமிரெஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பு ஃபாஸ்ட்ஏபிஐ. இது, வலைக் கோரிக்கைகளைக் கையாளும் ஸ்டார்லெட், தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் ஆகிய இரு நூலகங்களின் மேல் கட்டப்பட்டது. இதைப் பரிந்துரைப்போர் பெரும்பாலும் வேகத்தையே முன்னிறுத்துகின்றனர். ஆனால் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதிலேயே பெரும்பொழுது கழியும் வழக்கமான செயலிகளில் அந்த வேகம் பயனருக்குத் தெரிவதில்லை.

என்னைக் கவர்ந்தது இதன் சரிபார்ப்பு முறை. அளவுருக்களுக்கு ஒருமுறை தரவு வகையைக் குறித்துவிட்டால், அந்தக் குறிப்பே உள்ளீட்டைச் சோதிக்கிறது, சரத்தை எண்ணாகவோ தேதியாகவோ மாற்றுகிறது, ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வடிவ ஆவணத்தையும் உருவாக்குகிறது. பக்க எண் வர வேண்டிய இடத்தில் எழுத்துகள் வந்தால், எந்தப் புலத்தில் என்ன பிழை என்ற விவரத்துடன் 422 என்ற நிலைக் குறியீடு தானாகவே திரும்புகிறது. பதிலுக்கும், அதில் இருக்க வேண்டிய புலங்களைச் சொல்லும் ஒரு மாதிரியை வரையறுத்துவிடுவது நல்லது: பயனரின் பதிவை அப்படியே திருப்பினாலும், மாதிரியில் இல்லாத கடவுச்சொல் ஹாஷ் (கடவுச்சொல்லின் மறைவடிவம்) போன்ற புலங்கள் நீக்கப்பட்டே வெளியே செல்லும்.

டோக்கன் (பயனரை அடையாளம் காட்டும் சரம்) சோதனை, தரவுத்தள அமர்வு போன்றவற்றைத் தனிச் செயற்கூறுகளாக எழுதி, தேவைப்படும் இடத்தில் ஃபாஸ்ட்ஏபிஐயின் டிபென்ட்ஸ் என்ற வசதி வழியாகப் பெறலாம். சோதனைகளின்போது அவற்றுக்குப் பதிலாகப் போலிகளை வைக்க முடிவது இதன் பெரிய வசதி.

கவனம் தேவைப்படும் இடம் ஏசிங்க், அதாவது ஒரு வேலை பதிலுக்காகக் காத்திருக்கும்போது மற்ற வேலைகளைத் தொடரும் முறை. ஏசிங்க் டெஃப் என்று அறிவித்த செயற்கூற்றுக்குள் ரிக்வெஸ்ட்ஸ் போன்ற, பதில் வரும்வரை நகராத நூலகத்தை அழைத்தால், வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப் முழுவதும் நின்று, அதே வொர்க்கரில் (சேவையகச் செயல்முறையில்) உள்ள மற்ற கோரிக்கைகளும் தேங்கிவிடும். அதே நிரலை வெறும் டெஃப் என்று எழுதினால், ஃபாஸ்ட்ஏபிஐ அதைத் தனி த்ரெட் பூலில் (இணையாக ஓடும் த்ரெட்களின் தொகுப்பில்) ஓட்டிக்கொள்ளும். இயல்பாக அங்கு 40 த்ரெட்கள் வரை கிடைக்கும். ஏசிங்க் என்று எழுதினாலே வேகம் கூடும் என்று நம்பும் புதியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள், எச்சரிக்கையும் எதுவும் வருவதில்லை. பயன்படுத்தும் நூலகங்கள் அவெய்ட்டை (ஏசிங்க் நிரலில் பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் சொல்) ஆதரிக்கின்றனவா என்று தெரியாத நிலையில் டெஃப் போதும்.

நிர்வாகப் பக்கம், ஓஆர்எம் (தரவுத்தள அட்டவணைகளை நிரலின் பொருள்களாகக் கையாளும் கருவி), உள்நுழைவு ஆகியவை ஆயத்தமாக வேண்டுவோருக்கு மற்றொரு பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவே பொருத்தம். ஃபாஸ்ட்ஏபிஐயின் பதிப்பெண் 0 என்றே தொடங்குவதாலும், சிறு பதிப்பு உயர்விலும் பழைய நிரல் உடையக்கூடும் என்று அதன் ஆவணமே கூறுவதாலும், பயன்படுத்தும் பதிப்பை, தேவையான நூலகங்களைப் பட்டியலிடும் தேவைக் கோப்பில் துல்லியமாகக் குறித்து வைப்பது அவசியம்.