26,500 ரூபாய் 'சர்வீஸ்', ஆனால் அந்தத் தூசி இருந்த இடத்திலேயே இருக்கிறது

பெங்களூருவில் சாவி கொடுக்கிற வாட்ச் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஜெர்மன் வாட்ச் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

என்னுடையது நோமோஸ் டாங்கென்டே, 35 மில்லிமீட்டர். ஊருக்குத் திரும்பிப் போன ஆபீஸ் நண்பரிடம் இரண்டாம் கையாக வாங்கியது. வெள்ளி கலந்த வெண்மையில் டயல், சூட்டில் நீலமாக்கிய மெல்லிய முட்கள், 6 இருக்க வேண்டிய இடத்தில் குட்டி வினாடி வட்டம். தேதிகூடக் கிடையாது. முழுச் சாவி கொடுத்தால் 43 மணி நேரம் ஓடும். இது தயாராவது ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்துப் பக்கம் கிளாஸ்ஹுட்டே என்கிற சிற்றூரில். 1845இல் இருந்து அங்கே கடிகாரம்தான் பிழைப்பு. இயந்திரத்தின் மதிப்பில் பாதிக்கு மேல் அங்கேயே உருவானால்தான் டயலில் அந்த ஊர்ப் பெயரைப் போடலாம். காலையில் டிகாஷன் இறங்குகிற நேரத்தில் சாவி கொடுப்பேன். கடைசியில் விரலில் ஓர் இறுக்கம் தட்டும், அதோடு நிறுத்திவிட வேண்டும். அப்பா ஜாலஹள்ளி எச்எம்டியில் இருந்தவர். அவர் தன் வாட்ச்சுக்குச் சாவி கொடுப்பதைப் பார்த்து வளர்ந்ததால் வந்த பழக்கம் இது.

போன வருடம் திடீரென்று ஒரு நாளைக்கு இருபது நிமிடம் முந்தி ஓட ஆரம்பித்தது. ஏசி போட்ட, வெள்ளைக் கோட்டு அணிந்த ஆட்கள் இருக்கிற பெரிய கடைக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர் வாட்ச்சை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார். "சார், ஹேர் ஸ்பிரிங், மெயின் ஸ்பிரிங் ரெண்டுமே போயிடுச்சு. ஜெர்மனியில இருந்து வரணும். ஃபுல் சர்வீஸோட 26,500" என்றார். சாவி கொடுக்கிற விசையைச் சேர்த்து வைப்பது மெயின் ஸ்பிரிங், வாட்ச்சின் வேகத்தைச் சீராக வைக்கிற மெல்லிய சுருள் ஹேர் ஸ்பிரிங். அவர் பேசிய தோரணையில் நானும் மண்டையை ஆட்டிவிட்டேன். ரசீதில் 'ஜெர்மன் வாட்ச் 1, சர்வீஸ்' என்று மட்டும் எழுதினார். ஸ்ட்ராப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து வந்தது. நேரம் சரியாகக் காட்டியது. சந்தோஷமாகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஸ்ட்ராப் உறுத்தியது. என்னுடையது கார்டோவன் என்கிற குதிரைத் தோல். அது மடங்குகிற இடத்தில் சுருங்காது, அலை மாதிரி உருண்டு எழும். இதிலோ இரண்டே நாளில் கோடு கோடாகச் சுருக்கம். கறுப்பு நிறம் மட்டும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார், அவரிடம் எடுத்துப் போனேன். லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு பின்பக்கக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்பா, கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வச்சிருக்கியா?" என்றார். நல்லவேளை, வாங்கிய புதிதில் ஆசைக்கு எடுத்த படம் போனில் இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். ஹேர் ஸ்பிரிங்கோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தைப் பிடித்திருக்கும், பாலம் என்கிற உலோகத் துண்டில் ஒரு நீலத் திருகு. அதன் தலையோரம், காற்புள்ளி மாதிரி வளைந்த ஒரு துணி இழை. முன்பு யாரோ திறந்தபோது விழுந்திருக்க வேண்டும். இப்போது லென்ஸை என்னிடம் கொடுத்தார். அதே திருகு, அதே காற்புள்ளி, அதே வளைவு.

"ஹேர் ஸ்பிரிங் மாத்தணும்னா இந்தத் திருகைக் கழட்டியே ஆகணும். சர்வீஸ்னா எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவணும். இதை எவனும் தொடவே இல்ல" என்றார். பிறகு, "ராத்திரி எங்க வைப்ப?" என்று கேட்டார். டேப்லெட் மேல் என்றேன். சிரித்தார். டேப்லெட் மூடியில் காந்தம் இருக்கிறது. காந்தம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும், ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகும், சக்கரம் வேகமாக ஆடும், வாட்ச் முந்தி ஓடும். காந்தம் நீக்குகிற பெட்டியின் பட்டனை அழுத்தி, வாட்ச்சை மெல்ல விலக்கினால் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. கடையில் அதை மட்டும்தான் செய்திருக்க வேண்டும் என்றார். வாட்ச் திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால், போனில் திசைகாட்டியைத் திறந்து பக்கத்தில் வாட்ச்சைக் கொண்டு போங்கள். ஊசி துள்ளினால் முதல் சந்தேகம் காந்தத்தின் மேல்தான்.

"மாத்தின பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கினியா?" என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. எனக்கு நாக்கு எழவில்லை. மிக்ஸி ரிப்பேருக்குக்கூட பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குகிற ஆள் நான்.

மறுநாள் கடைக்குப் போனேன். இரண்டு படங்களையும் காட்டியதும் மேனேஜர் வந்தார். தூசி மறுபடியும் விழுந்திருக்கலாம் என்றார். அதே வளைவோடு, அதே திருகிலா? பழைய ஸ்பிரிங்குகளைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஸ்ட்ராப்பைப் பொறுத்தவரை, "நீங்க இதோடதான் கொடுத்தீங்க சார்." ரசீதில் எழுதாத ஸ்ட்ராப்புக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவது? அடுத்த சர்வீஸில் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகப் பெரிய மனது வைத்துச் சொன்னார்.

1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்து அதுதான் என்று கடைக்கு எழுதினேன். நான்கே நாளில் போன் வந்தது. பாதிப் பணம் திருப்பித் தருகிறார்களாம், நான் எங்கேயும் எதுவும் எழுதக் கூடாதாம்.

முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாட்ச் நன்றாக ஓடுகிறது. உண்மையான சர்வீஸ் இன்னும் பாக்கி. மாமா செய்து தருகிறேன் என்றிருக்கிறார், அந்தத் தூசியை மட்டும் வழக்கு முடிகிற வரை எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.