தறிக்கு நூற்றுக்கு நூறு, அட்டைக்கு முப்பத்தைந்து

சேலத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி, அவரவர் சமூகத்துக்காரர்களே சேர்ந்து ஒரு கண்காட்சி போட்டிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. அம்மாப்பேட்டை பக்கம் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம், பெங்களூர்க்காரர்கள் காதில் விழுந்தால் சிரிக்கிற கன்னடம், நாங்கள் தேவாங்கர்கள், நெசவுச் சாதி, அதனால் நம்மைப் பற்றி என்னதான் வைத்திருக்கிறார்கள் பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமை போனேன். நுழைவுக் கட்டணம் இல்லை, வாசலில் ஒரு எவர்சில்வர் உண்டியல் மட்டும் இருக்கிறது, மனசிருந்தால் போடலாம்.

முதலில் குழித்தறி. மண்டபத்தின் தரையைத் தோண்ட முடியாதல்லவா, அதனால் பலகையால் இரண்டரை அடிக்கு ஒரு மேடை கட்டி நடுவில் பள்ளம் விட்டு, அதில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சௌராஷ்டிரப் பாட்டி ஒருவர் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். சேலம் வெண்பட்டு, அரக்குக் கரை. குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடுகிற சத்தம் வாசல் வரை கேட்கிறது. நான் தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு, "தொட்டுப் பாரு கண்ணு, ஒண்ணும் ஆவாது" என்றார். தொட்டேன். பாவு, அதாவது நீளவாட்டு நூல், விறைப்பாக இருந்தது, வீணைத் தந்தி மாதிரி. ஒரு இழை அறுந்தபோது பேச்சை நிறுத்தாமலே இரண்டு விரலால் புரி ஏற்றி ஒட்டிவிட்டார், எந்த இடத்தில் அறுந்தது என்று அப்புறம் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. அருங்காட்சியகங்களில் 'தொடாதே' பலகைகளையே பார்த்துப் பழகியவர்கள் இதற்காகவே போகலாம்.

ஆனால் அதே தறிக்குப் பின்னால் ஒட்டியிருந்த அட்டை! மந்தசோர் கல்வெட்டைக் குறிப்பிட்டு, சௌராஷ்டிரர்களின் இடப்பெயர்வுக்கு 5ஆம் நூற்றாண்டிலேயே சான்று இருக்கிறது என்று அடித்து எழுதியிருக்கிறார்கள். லாட தேசத்துப் பட்டு நெசவாளர்கள் தசபுரத்துக்குக் குடிபோனதையும் அங்கே சூரியனுக்குக் கோயில் கட்டியதையும்தான் அந்தக் கல்வெட்டு சொல்கிறது. லாடம் என்பது இன்றைய தென் குஜராத், தசபுரம் மத்தியப் பிரதேசத்து மந்தசோர். அங்கிருந்து நம் ஊர்வரைக்கும் ஒரே கோடாக இழுப்பது ஆசை, சான்று அல்ல. பாட்டியிடம் கேட்டால், "எங்க ஆளுங்க மதுரையிலேர்ந்து வந்தாங்கன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்" என்கிறார். அட்டையில் போட வேண்டியது இந்த வாக்கியத்தை. எங்கள் தேவாங்கர் மேசையும் இதே கதைதான், சௌடேஸ்வரி அம்மன் படத்துக்கு மாலை போட்டு, தலபுராணத்தை ஒரு பக்கம் முழுக்க அச்சடித்துவிட்டு, கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒரே சாதிக்குள் எப்படி இருக்கிறோம் என்ற சுவாரசியமான கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டார்கள்.

ஒரு மூலையில் செல்போனும் ஸ்பீக்கரும் வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் "சாப்பிட்டாச்சா?" என்று ஐந்து வீட்டுப் பெண்கள் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு, உருது, மார்வாடி என்று அவரவர் மொழியில் கேட்கிறார்கள். "ஊட்ட ஆய்த்தா" என்று வந்ததும் எனக்குச் செத்துப்போன அத்தை ஞாபகம் வந்துவிட்டது. செலவே இல்லாத யோசனை, யார் தலையில் உதித்ததோ.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்காரர்கள் கொடுத்த சிவப்புத் துணி அட்டைக் கணக்கு நோட்டு, மேல்கோடே இல்லாத பழைய மார்வாடி எழுத்து, அருமை. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் மூடியே வைத்துவிட்டார்கள், ஒரு பக்கத்தையாவது விரித்து வைத்திருக்கலாம்.

ஜவ்வரிசி மேசைதான் எதிர்பாராதது. 1942இல் மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோகிறது. அடுத்த வருஷமே சேலத்து மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்து தொழில் தெரிந்துவைத்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே செய்ய ஆரம்பிக்கிறார்கள். கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, போபட்லால் பினாங்கிலிருந்து வந்தார், நாம் என்னவோ ஆதிகாலத்திலிருந்து சேலத்துச் சரக்கு என்று பெருமை பேசிக்கொண்டிருக்கிறோம். ஈர மாவைத் துணித் தூளியில் போட்டு இரண்டு பெண்கள் ஆட்டிக் காட்டினார்கள், மாவு கண்ணெதிரே மணி மணியாக உருள்வதைப் பார்த்து குழந்தைகள் நகரவே மாட்டேன் என்றார்கள்.

ஏற்காடு பகுதி சுமார்தான். கலெக்டர் காக்பர்ன் 1820களில் காபி கொண்டுவந்தது, பங்களா படங்கள், பழைய காபி அரைக்கும் மிஷின் எல்லாம் இருக்கின்றன, அந்தச் செடிகளுக்குக் குழி தோண்டியவர்கள் ஒரு படத்தில்கூட இல்லை. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழிவந்தவர்கள் என்று அவர்களே சொல்லும் கதை ஒரு சின்ன அட்டையில் இருக்கிறது. தலைப்பு வெறுமனே 'மலையாளிகள்'. என் பக்கத்தில் நின்றவர் மனைவியிடம், "கேரளாக்காரங்க அப்பவே வந்துட்டாங்க பாரு" என்று விளக்கிக்கொண்டிருந்தார். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், கேரளத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வரி போட்டிருந்தால் தீர்ந்தது.

பெரிய குறை இனிமேல்தான். சேலத்துக்கு வந்தவர்களில் வீடு வாங்கி, சங்கம் வைத்து, மண்டபம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் மேசை. இன்றைக்கு ஸ்பின்னிங் மில்லிலும் ஹோட்டலிலும் கட்டட வேலையிலும் இருக்கிற ஒடிசா, பீகார் பையன்களுக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை. நான் அங்கே இருந்தபோது பக்கத்து டீக்கடையிலிருந்து தூக்கில் டீ கொண்டுவந்த பையன், காலி டம்ளர்களை மறந்துவிட்டுத் தறி முன்னாலேயே நின்றுவிட்டான். ஊர் ஒடிசாவில் பர்கட் பக்கமாம், அப்பா நெசவாளி, நூலைக் கட்டிக் கட்டிச் சாயம் போட்டு அப்புறம்தான் தறியில் ஏற்றுவார்களாம், பாதி தமிழிலும் பாதி கையாலும் சொன்னான். பாட்டி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். முதல் நாலு தடவை நாடா சிக்கியது, ஐந்தாவது ஓடியது. கடையிலிருந்து போன் வந்ததும் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஏற்பாட்டாளர் ஒருவரிடம் அவனைப் பற்றியும் ஒரு அட்டை எழுதுங்களேன் என்றேன், "அடுத்த வருஷம் பார்க்கலாங்க" என்றார்.

மண்டபத்தில் புழுக்கம் அதிகம், வெளியே வண்டி நிறுத்தவும் இடமில்லை, பஸ்ஸில் போவது நல்லது. புதன்கிழமை வரை இருக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை பாட்டி வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார், அந்த நேரத்தில் மட்டும் போகாதீர்கள்.